பெயர் வைக்கப்படாத புயல்கள்: ராமநாதபுரம் கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐப்பசி பிறந்து வாடைக்காற்று திரும்பியதும் ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம், கீழக்கரை, தொண்டி பக்கம் ஒரே மாதிரியான கேள்விகள் வரத் தொடங்கும். 'இதுக்குப் பெயர் வச்சாச்சா?' என்பது அதில் முதல் கேள்வி. பெயர் வைக்கவில்லை என்றால் பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். அந்த நிம்மதி நம் கரைக்கு ஆகாது. இங்கே பெரும் சேதம் செய்தவற்றில் பலவற்றுக்குப் பெயரே கிடையாது. அதனால் பெயரில்லாத புயல்களைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளையும், தெரிந்த பதில்களையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

தனுஷ்கோடியை அழித்த புயலின் பெயர் என்ன?

அதற்கு அதிகாரபூர்வமான பெயர் எதுவும் இல்லை. ராமேஸ்வரம் புயல், தனுஷ்கோடி புயல், அறுபத்து நாலு புயல் என்பதெல்லாம் மக்களும் பத்திரிகைகளும் பிற்பாடு வைத்துக்கொண்டவை. 1964 டிசம்பர் நடுவில் தெற்கு அந்தமான் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாகக் கிளம்பியது. மேற்கே நகர்ந்து தீவிரப் புயலாகி, டிசம்பர் 22 அன்று வவுனியா பக்கமாக இலங்கையைக் கடந்து, அன்று இரவே பாக் நீரிணை வழியாகத் தனுஷ்கோடி மேல் ஏறியது. செவ்வாய்க்கிழமை இரவு, மார்கழி பிறந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை.

பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் புறப்பட்ட பயணிகள் ரயில் கடல் நீரில் அடித்துச் செல்லப்பட்டது. பயணிகளும் ஊழியர்களுமாக 115 பேர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. டிக்கெட் எடுக்காமல் ஏறியவர்கள் அதில் சேரவில்லை என்று சொல்பவர்களும் உண்டு. கடல் 7 மீட்டர் வரை எழுந்ததாகச் சொல்லப்படுகிறது. இந்தியாவிலும் இலங்கையிலுமாகச் சுமார் 1,800 பேர் இறந்தார்கள். சென்னை எழும்பூரிலிருந்து போட் மெயிலில் வந்து, தனுஷ்கோடியில் இறங்கி, கப்பல் ஏறித் தலைமன்னார் போகும் பாதை அந்த இரவோடு முடிந்தது. ஊர் வசிக்கத் தகுதியற்றது என்று அரசு அறிவித்தது.

1914-இல் திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலத்தின் 145 கண்களில் 126 கண்களின் இரும்பு உத்திரங்கள் கடலுக்குள் போயின. நடுவில் கப்பலுக்காகத் திறக்கும் ஷெர்சர் தூக்குப் பகுதி மட்டும் தப்பித்து நின்றது. அப்போது இளம் பொறியாளராக இருந்த இ. ஸ்ரீதரன் மேற்பார்வையில் பாலம் 46 நாளில் மீண்டும் ஓடத் தயாரானது. இத்தனையும் செய்த ஒன்றுக்குப் பட்டியலில் ஒரு பெயர்கூட இல்லை என்பதை முதன்முறை கேட்பவர்கள் நம்புவதில்லை. 1964-இல் வங்கக் கடல் புயல்களுக்குப் பெயர் வைக்கும் ஏற்பாடே இல்லை, அவ்வளவுதான் காரணம்.

பெயர் வைக்கும் வழக்கம் எப்போது வந்தது?

வங்கக் கடலுக்கும் அரபிக் கடலுக்கும் 2004-இல்தான் வந்தது. உலக வானிலை அமைப்பும் ஐ.நா.வின் ஆசிய பசிபிக் ஆணையமும் சேர்ந்து நடத்தும் புயல் குழு ஒன்று இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு மஸ்கட்டில் கூடியபோது பெயர் வைக்கலாம் என்று கொள்கை அளவில் ஒத்துக்கொண்டார்கள். பிறகு இந்தியா, இலங்கை, பங்களாதேஷ், மியான்மர், மாலத்தீவு, பாகிஸ்தான், ஓமன், தாய்லாந்து ஆகிய எட்டு நாடுகளும் ஆளுக்கு எட்டுப் பெயர் கொடுத்தன. மொத்தம் 64. முதல் பெயர் பங்களாதேஷ் கொடுத்த ஓனில், 2004-இல். கடைசிப் பெயர் தாய்லாந்து கொடுத்த ஆம்பன், 2020 மே மாதத்தில்.

அப்புறம் ஈரான், கத்தார், சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், ஏமன் ஆகியவையும் சேர்ந்தன. 13 நாடுகள், ஆளுக்கு 13 பெயர், மொத்தம் 169 என்று புதிய பட்டியல் வந்தது. ஒருமுறை பயன்படுத்திய பெயர் மறுபடி வராது. பெயரை அறிவிக்கும் பொறுப்பு டெல்லியில் உள்ள இந்திய வானிலைத் துறையின் மண்டல மையத்துக்கு.

ஆக, 2004-க்கு முன்னால் இந்தக் கடலில் வந்தவை கிட்டத்தட்ட அத்தனையும் பெயரில்லாதவை. 1970-இல் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் போலா பகுதியைத் தாக்கி மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது, 1977-இல் ஆந்திராவின் திவிசீமாவை அழித்தது, 1999 அக்டோபர் 29-இல் ஒடிசாவில் பாரதீப் பக்கம் ஏறிய சூப்பர் புயல், எதற்கும் பெயர் கிடையாது. உலகத்தில் மிக அதிக உயிர்களைப் பறித்த வெப்பமண்டலப் புயலாகக் கருதப்படும் போலா புயலையே நாம் இடத்தின் பெயரால்தான் சொல்கிறோம்.

பெயர் இல்லாத காலத்தில் வானிலைத் துறை எப்படி அடையாளம் வைத்தது?

தேதி, எந்தக் கடலில் உருவானது, எங்கே கரையைக் கடந்தது என்ற மூன்றையும் வைத்துத்தான். பிற்பாடு ஆண்டுக்குள் எத்தனையாவது என்ற எண்ணும் சேர்ந்தது. இன்றும் வங்கக் கடலில் உருவாகும் தாழ்வு மண்டலத்துக்கு வரிசை எண் உண்டு. பெயர் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் எண் இருக்கும்.

எந்த வேகத்தில் பெயர் கிடைக்கும்?

காற்று மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட வேண்டும். அதுதான் கோடு. இது மூன்று நிமிட சராசரி. இடையிடையே வீசும் பலத்த வீச்சு இதில் சேராது.

31 முதல் 49 வரை காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 50 முதல் 61 வரை ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 62-இல் புயல், அப்போதுதான் பெயர். 89-இல் தீவிரப் புயல், 118-இல் மிகத் தீவிரப் புயல், 166-க்கு மேல் அதிதீவிரம், 222 தாண்டினால் சூப்பர் புயல். 31-க்கும் கீழே இருப்பது வெறும் தாழ்வுப் பகுதி. அதற்கும் கீழே மேலடுக்குச் சுழற்சி என்று ஒன்று உண்டு. அதைச் செய்தியில் கடைசி வரியில்தான் வாசிப்பார்கள்.

இந்த அளவுகோல் முழுக்க முழுக்கக் காற்றுக்கானது. மழை எவ்வளவு, கடல் எவ்வளவு ஏறும், எத்தனை நாள் ஓரிடத்தில் நிற்கும் என்பது எதுவும் பெயரைத் தீர்மானிப்பதில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பதில்கள் எல்லாம் எளிதாகப் புரியும்.

60 கி.மீ. காற்றுக்குப் பெயர் இல்லை, 62-க்கு உண்டு. தரையில் என்ன வித்தியாசம்?

ஒன்றும் இல்லை. ஓலைக்கூரைக்கும் வள்ளத்துக்கும் இரண்டும் ஒன்றுதான்.

நம் பகுதியில் முக்கியமான முடிவுகள் பலவும் 62-க்குக் கீழேயே எடுக்கப்படுகின்றன. 2022 டிசம்பர் வரை ரயில் ஓடிய பழைய பாம்பன் பாலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். காற்று 58 கி.மீ. தாண்டினால் அங்கே ரயிலை விடமாட்டார்கள் என்பதே அன்றைய விதி. காற்றுமானி காட்டியதும் சிக்னல் சிவப்பாகிவிட்டது. அதாவது பெயர் கிடைக்காத காற்றே தீவைத் தண்டவாளத்திலிருந்து துண்டித்துவிட்டது. மீனவர்களுக்கான எச்சரிக்கை இன்னும் முன்னாலேயே வரும். 'மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும், இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும் சூறாவளிக் காற்று வீசும், கடலுக்குச் செல்ல வேண்டாம்' என்ற அறிவிப்பை நாம் ஒவ்வொரு மழைக்காலத்திலும் கேட்கிறோம். மீன்வளத் துறை கடலுக்குப் போக அனுமதி டோக்கன் கொடுப்பதை நிறுத்த அதுவே போதும். விசைப்படகுகள் ஜெட்டியில் ஒன்றோடொன்று இடித்துப் பலகை உடைவதும் இந்தக் காற்றில்தான். பாம்பன் தெற்குவாடியிலோ மண்டபத்திலோ படகு வைத்திருப்பவருக்கு 55 கி.மீ. காற்று என்பது இரவு முழுக்க நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும் வேலை. அந்தக் காற்று எந்தப் பட்டியலிலும் ஏறாது.

பெயரில்லாத புயல் சின்னம் பெரிய மழை தருமா?

தரும். சில சமயம் பெயருள்ளதைவிட அதிகமாகத் தரும்.

2024 நவம்பர் 20-ஐ ராமேஸ்வரம் தீவில் யாரும் மறக்க முடியாது. அன்று புயல் இல்லை, தாழ்வு மண்டலம்கூட இல்லை. பாம்பனில் மூன்று மணி நேரத்தில் 19 செ.மீ. கொட்டியது. ராமேஸ்வரத்தில் அன்றைய கணக்கு 40 செ.மீ.யைத் தாண்டியது. ஆண்டு முழுக்கச் சேர்த்தே 80 செ.மீ. சொச்சம் மழை பெறும் மாவட்டம் இது. பாதி ஆண்டு மழை ஒரே பகலில் ஒரு சிறு தீவின் மேல் இறங்கினால் என்ன ஆகும்? தெருவில் நின்ற தண்ணீர் வீட்டுக்குள் வந்தது, வடிய வழியில்லாமல் நாள்கணக்கில் நின்றது. பத்து நாள் கழித்து நவம்பர் 30 அன்று ஃபெங்கல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. தொலைக்காட்சிகள் இரவும் பகலும் அதன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தன. புதுச்சேரிக்கும் விழுப்புரத்துக்கும் அது பெரும் துயரம், சந்தேகமே இல்லை. ஆனால் அந்த ஆண்டின் மழைக்காலத்தை ராமேஸ்வரத்துக்காரர்கள் நினைக்கும்போது முன்னால் வருவது ஃபெங்கல் அல்ல, அந்தப் பெயரில்லாத புதன்கிழமை.

பக்கத்து மாவட்டத்துக்கும் இதே கதை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் குமரிக் கடல் பகுதியில் இருந்தது வெறும் மேலடுக்குச் சுழற்சி. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. பெய்தது. தாமிரபரணி கரை மீறியது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு நூற்றுக்கணக்கான பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். அதற்கு இரண்டு வாரம் முன்னால் சென்னையில் வெள்ளம் கொண்டுவந்த மிக்ஜாம் புயல் இன்றும் பெயரோடு நினைவில் நிற்கிறது. தென்மாவட்ட வெள்ளத்தை 'அந்தத் தூத்துக்குடி மழை' என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள். 2015 டிசம்பர் 1-இல் தாம்பரத்தில் 49 செ.மீ. பெய்து அடையாறு பெருகியபோதும் பெயர் வைக்கும் அளவுக்கு எதுவும் வங்கக் கடலில் இல்லை.

ஏன் இப்படி? மழைக்குத் தேவை ஈரமும், அது ஓரிடத்தில் குவிந்து மேலெழுவதும்தான். வேகமான காற்று அதற்கு அவசியமில்லை. வலுவான புயல் சீக்கிரம் நகர்ந்து போய்விடும். வலுவற்ற சுழற்சியோ அசையாமல் நின்று, கடலிலிருந்து வரும் ஈரக்காற்றை ஒரே இடத்தில் மணிக்கணக்கில் கொட்டிக்கொண்டிருக்கும். நம் கரையின் இருபுறமும் கடல்; ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை.

1964-ஐத் தவிர வேறு பெயரில்லாத புயல் நம் மாவட்டத்தைத் தாக்கியிருக்கிறதா?

1978-ஐச் சொல்ல வேண்டும். அந்த ஆண்டு நவம்பர் 23 அன்று மட்டக்களப்பில் ஏறி, கிழக்கிலங்கையைச் சின்னாபின்னமாக்கிய புயல், மறுநாள் கீழக்கரைக்கும் ரோச்மா நகருக்கும் இடையே நம் கரையைக் கடந்தது. இலங்கையில் 900-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தென்னந்தோப்புகள் அடியோடு சாய்ந்தன. மட்டக்களப்புத் தமிழர்கள் எழுபத்தெட்டுச் சூறாவளி என்று இன்றும் பேசுகிறார்கள், எழுதுகிறார்கள். இந்தப் பக்கம் ஆயிரக்கணக்கான குடிசைகள் போயின. ஆனால் 64-இன் நிழலில் அது நம்மிடம் கிட்டத்தட்ட மறைந்தேவிட்டது. ஒரே புயல், கடலுக்கு அந்தக் கரையில் வரலாறாகவும் இந்தக் கரையில் மறதியாகவும் ஆகிவிட்டது எனக்கு வருத்தமான விஷயம். சாயல்குடி, ஏர்வாடி, கீழக்கரை பக்கம் அதை அனுபவித்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதை யாராவது எழுதி வைக்க வேண்டும்.

2000 டிசம்பர் 26 இரவு திருகோணமலை பக்கம் ஏறிய புயலும் இலங்கையைக் கடந்து மன்னார் வளைகுடாவுக்குள் வந்து, வலுவிழந்து, தூத்துக்குடி பக்கம் போனது. அதற்கும் பெயர் இல்லை.

நம் பக்கம் வருபவை ஏன் பெரும்பாலும் வலுவிழந்தே வருகின்றன?

இலங்கை நடுவில் இருப்பதால்தான். கிழக்கிலிருந்து வரும் புயல் அந்தத் தீவின் மேல் ஏறும்போது கடலின் வெப்பமும் ஈரமும் தடைபடுகின்றன. மலையும் காடும் காற்றை உராய்ந்து வேகத்தைக் குறைக்கின்றன. இறங்கி வந்தாலும் மன்னார் வளைகுடாவும் பாக் நீரிணையும் சின்னக் கடல்கள், திரும்ப வலுப்பெற இடமும் நேரமும் போதாது. ஆகவே திருகோணமலையில் பெயரோடு ஏறியது பாம்பனுக்கு வரும்போது பெயருக்குரிய வேகத்தை இழந்திருக்கும்.

1964 இதற்கு விதிவிலக்கு. இலங்கையின் ஒடுங்கிய வடபகுதியை விரைவாகக் கடந்து, வலு குறையாமல் நீரிணைக்குள் இறங்கியது. இலங்கை நமக்கு எப்போதும் கேடயம் என்று சொல்பவர்களிடம் அந்த ஒரு இரவை நினைவுபடுத்துவது நல்லது.

வலு குறைந்தால் வைத்த பெயரை எடுத்துவிடுவார்களா?

பெயரை எடுப்பதில்லை. ஆனால் 'புயல்' என்ற தகுதி போய்விடும். 2020 டிசம்பரில் வந்த புரெவி நல்ல உதாரணம். மாலத்தீவு கொடுத்த பெயர். டிசம்பர் 2 இரவு திருகோணமலைக்கு வடக்கே இலங்கையில் ஏறி, மறுநாள் பாம்பனுக்கு அருகே வந்தது. பாம்பனில் 7-ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறியது. எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு காத்திருக்க, அது ஆழ்ந்த தாழ்வு மண்டலமாகி, ராமநாதபுரம் கரைக்குப் பக்கத்திலேயே மன்னார் வளைகுடாவில் நகராமல் நின்றுவிட்டது. பெரிய காற்று வரவில்லை. மழை கொட்டியது எங்கே? கடலூர், சிதம்பரம் பக்கம். புயல் கரைக்கு வராமலேயே, வலுவும் இழந்த பிறகு, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி வெள்ளம். 2025 நவம்பர் இறுதியில் இலங்கையில் நூற்றுக்கணக்கானவர்களைப் பலிகொண்ட டிட்வாவும் வலுவிழந்த பிறகு சென்னைக்கு அருகே நின்று மழை கொடுத்துக்கொண்டே இருந்தது.

அமெரிக்கக் கணக்கில் புயல் என்கிறார்கள், நம் வானிலைத் துறை இல்லை என்கிறது. எது சரி?

இரண்டும் அதனதன் அளவில் சரி. அமெரிக்கக் கடற்படையின் கூட்டுப் புயல் எச்சரிக்கை மையம் ஒரு நிமிட சராசரிக் காற்றை எடுக்கிறது. இந்தியா மூன்று நிமிட சராசரி. நேரம் குறைந்தால் எண் கொஞ்சம் கூடும். கோட்டுக்கு அருகே நிற்கும் சின்னம் அவர்கள் கணக்கில் புயலாகவும் நம் கணக்கில் ஆழ்ந்த தாழ்வு மண்டலமாகவும் இருக்கும். அவர்கள் எண் மட்டும் கொடுப்பார்கள், பெயர் கொடுக்க மாட்டார்கள். பெயர் டெல்லியிலிருந்துதான். வாட்ஸ்அப்பில் 'அமெரிக்கா புயல்னு சொல்லிருச்சு, இங்க மறைக்கிறாங்க' என்று வருவதை நம்ப வேண்டாம்.

உலகில் வேறெங்கும் பெயரில்லாத புயல்கள் உண்டா?

உண்டு. 2004 மார்ச்சில் பிரேசிலின் சான்டா கத்தரினா மாநிலத்தைச் சூறாவளி ஒன்று தாக்கியது. தெற்கு அட்லாண்டிக்கில் அப்படி வரும் என்று யாரும் எதிர்பார்க்காததால் பெயர்ப் பட்டியலே இல்லை. மக்கள் மாநிலத்தின் பெயரையே வைத்துக் கத்தரினா என்றார்கள், நாம் தனுஷ்கோடி புயல் என்பது போலவே.

அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கு அப்பால் 1991 நவம்பர் 1-இல் வெப்பமண்டலம் சாராத ஒரு பெரிய புயலின் நடுவிலேயே சூறாவளி உருவானது. ஏற்கெனவே மக்கள் அந்தப் பெரும் புயலின் சேதத்தில் இருந்ததால், குழப்பம் வேண்டாம் என்று வேண்டுமென்றே பெயர் வைக்காமல் விட்டார்கள். ஆண்டு முடிந்து தரவுகளை மறுபடி பார்க்கும்போது, 'அடடா, இதுவும் புயலாக இருந்திருக்கிறது' என்று பெயரில்லாமலே பதிவில் சேர்த்தவையும் அட்லாண்டிக்கில் உண்டு.

பழைய புயல்களுக்கு இப்போது பெயர் வைத்தால் என்ன?

அப்படி ஒரு நடைமுறை இல்லை, தேவையும் இல்லை என்பது என் கருத்து. பெயர் வைப்பது எச்சரிக்கைக்காக. ஒரே நேரத்தில் இரண்டு சின்னங்கள் கடலில் இருந்தால் வானொலி கேட்பவர் குழம்பக் கூடாது, அதற்காக. நடந்து முடிந்ததற்கு அது பயன்படாது. 1964-க்கு எங்கோ ஒரு பட்டியலிலிருந்து ஒரு சொல்லை எடுத்து ஒட்டினால், தனுஷ்கோடி என்ற ஊர்ப்பெயர் அதிலிருந்து விலகிப்போகும். அழிந்த ஊரின் பெயர் அந்தப் புயலோடு இருப்பதே நியாயம்.

பெயரில்லாத சின்னத்துக்கும் துறைமுகத்தில் கூண்டு ஏற்றுவார்களா?

ஏற்றுவார்கள். இந்தக் கரையில் பெயரைவிடப் பழையதும் பயனுள்ளதும் கூண்டு எண்தான். பகலில் கூண்டு, இரவில் சிவப்பு வெள்ளை விளக்கு. ஒன்று முதல் பதினொன்று வரை எண்கள்.

1-ஆம் எண், தொலைவில் தாழ்வு மண்டலம் உருவாகியிருக்கிறது, துறைமுகத்துக்கு உடனடி பாதிப்பு இல்லை என்று சொல்கிறது. 2, தொலைவில் புயலாகவே உருவாகிவிட்டது. 3-ஆம் எண் ஏறினால் பலத்த காற்று துறைமுகத்தையே தொடப் போகிறது. 4, புயல் துறைமுகத்தைப் பாதிக்கலாம். 5, 6, 7 மூன்றும் அபாயம்: புயல் துறைமுகத்தின் எந்தப் பக்கம் கடக்கும், அல்லது நேர்மேலேயே கடக்குமா என்பதைப் பொறுத்து எண் மாறும். அதே மாதிரி தீவிரப் புயலுக்கு 8, 9, 10. பதினொன்று என்றால் எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது.

கவனியுங்கள்: 1-க்கும் 3-க்கும் பெயர் தேவையில்லை. பாம்பனில் 3-ஆம் எண் ஏறிய நாளில் செய்தியில் பெயர் எதுவும் வராமல் போகலாம். படகைக் கரையேற்ற அந்த எண்ணே போதுமான காரணம்.

பெயர் வரட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கலாமா?

கூடாது. 2017 நவம்பர் 29-இல் இலங்கையை ஒட்டி இருந்தது ஒரு தாழ்வு மண்டலம். மறுநாள் காலை அது புயலாகி ஒக்கி என்ற பெயர் பெற்றது. ஒரே நாளுக்குள் நடந்த மாற்றம் இது. கன்னியாகுமரி மாவட்டத்தின் ஆழ்கடல் மீனவர்கள் அதற்குப் பல நாள் முன்னாலேயே கடலில் இருந்தார்கள். பலர் திரும்பவே இல்லை. பெயர் வந்தபோது அவர்களுக்குச் சொல்ல வழியில்லாமல் போயிற்று. தூத்தூரிலும் வள்ளவிளையிலும் அந்த வீடுகள் இன்னும் ஆளின்றித்தான் கிறிஸ்துமஸ் கொண்டாடுகின்றன. குமரிக் கடலில் உருவாவது கரைக்கு மிக அருகிலேயே உருவாகும், வளர்வதற்கு நேரம் எடுத்துக்கொள்ளாது. மன்னார் வளைகுடாவில் தங்கல் போகும், அதாவது கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும், நம் படகுகளுக்கும் இதே ஆபத்து உண்டு.

எனவே 'தாழ்வு மண்டலம்' என்ற சொல்லோ '45 முதல் 55' என்ற எண்ணோ காதில் விழுந்தாலே புறப்பாட்டை நிறுத்துங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநிலத்துக்கு 1070, கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல் படை 1554.

பட்டியலில் தமிழ்ப் பெயர் உண்டா?

இந்தியா கொடுத்த 13 பெயர்களில் முரசு, நீர் இரண்டும் உண்டு. பட்டியலின் இரண்டாவது வரிசை டிட்வாவோடு முடிந்தது. மூன்றாவது வரிசையில் முதலில் பங்களாதேஷின் அர்னாப், அடுத்து முரசு.

எங்கள் ஊர்ப் பெரியவர்கள் ஏதோ ஒரு புயலைச் சொல்கிறார்கள். எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வானிலைத் துறையிடம் 1891 முதல் இந்தக் கடல்களில் வந்த தாழ்வு மண்டலங்கள், புயல்கள் எல்லாவற்றின் தடங்களையும் வரைபடமாகக் காட்டும் மின்னணு அட்லஸ் இருக்கிறது. பெயர் தேவையில்லை; மாதமும் ஆண்டும் தெரிந்தால் தேடலாம்.

ஆண்டு தெரியாவிட்டால் தமிழ் வருடம் கேளுங்கள். 1964 குரோதி வருடம், 1978 காளயுக்தி. அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும் என்பதால் பேசுபவரின் வயதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். பாலம் போனதற்கு முன்னா பின்னா, ரோட்டுப் பாலம் 1988-இல் திறந்ததற்கு முன்னா பின்னா என்று கேட்டால் இன்னும் நெருங்கலாம். வீட்டுக் கல்யாணம், குழந்தை பிறந்த மாதம், கோயில் கொடை, கந்தூரி எல்லாமே உதவும்.

அடுத்து, காற்று எப்படித் திரும்பியது என்று கேளுங்கள். படகோட்டியவர்கள் இதை மறக்கவே மாட்டார்கள். முதலில் வடக்கிலிருந்து வாடை, பிறகு கிழக்கே திரும்பிக் கொண்டல், கடைசியில் தெற்கிலிருந்து சோழகம் என்றால் புயலின் மையம் அந்த ஊருக்குத் தெற்கே கடந்திருக்கிறது. வாடை மேற்கே திரும்பிக் கச்சானாகி, பிறகு சோழகம் என்றால் மையம் வடக்கே போயிருக்கிறது. நடுவில் ஒரு அரைமணி ஒரு மணி காற்றே இல்லாமல் நின்று, பிறகு எதிர்த்திசையிலிருந்து அடித்தது என்றால் கண் அந்த ஊர் மேலேயே கடந்தது. வடகடல் ஏறியதா தென்கடல் ஏறியதா, எந்தத் தெரு வரை தண்ணீர் வந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இந்த விவரங்களை அட்லஸில் அந்த ஆண்டின் தடங்களோடு வைத்துப் பார்த்தால், பெரும்பாலும் ஒன்றிரண்டு தடங்கள்தான் மிஞ்சும். அதிலிருந்து தேதியை எடுத்து, ஊர்ப்பெயரோடு சேர்த்து எழுதி, பள்ளிக்கூடத்திலோ ஊராட்சி அலுவலகத்திலோ ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள்.